உடனிருப்பு மையம்

பேராசிரியர் செல்வநாதனிடம் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று, மற்ற பேராசிரியர்களோடு பேசுகிற குரல். இன்னொன்று, ஷாலு மாதிரிப் பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே வைத்திருந்த குரல். அது மெதுவாக வரும். காய்ச்சலில் கிடப்பவரிடம், கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாயா என்று கேட்பது போல இருக்கும். "எப்படி இருக்கீங்க ஷாலு? மனசு எப்படி இருக்கு?" என்று அந்தக் குரலில் அவர் கேட்கும்போதெல்லாம், மனசு நல்லாத்தான் இருக்கு, அதைக் கொண்டுபோய் வைக்கத்தான் இடமில்லை என்று சொல்லிவிடத் தோன்றும் அவளுக்கு. சொன்னதில்லை. "நல்லா இருக்கேன் சார்" என்பாள். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவள் சொல்லாத துயரத்தையெல்லாம் தாமே கேட்டுக்கொண்டவர் போல ஒரு பார்வை பார்ப்பார்.

அவர் ஆராய்ச்சிப் பிரிவுக்கு டீன். அதோடு உடனிருப்பு மையத்துக்கும் அவர்தான் தலைவர். குடும்பத்திலேயே முதன்முதலாக இவ்வளவு தூரம் படிக்க வந்தவர்கள், சேரிகளிலிருந்தும் குப்பங்களிலிருந்தும் வந்தவர்கள், முஸ்லிம் பெண்கள் என்று ஒரு கூட்டம் ஏன் முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது என்று மேலே யாரோ கேட்டுவிட்டார்கள். அவர்களைப் போகவிடாமல் பிடித்து வைப்பதற்காக அந்த மையம் உண்டானது. அதற்கு ஒரு குளிர்சாதன அறை, வாசலில் கைகள் கோத்த மாதிரி ஒரு சின்னம், அந்தச் சின்னம் அச்சடித்த கோப்பைகள். மாதம் ஒரு பயிலரங்கம். பயிலரங்கத்தில் கோப்பையில் தேநீர் தருவார்கள். கோப்பையை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம்.

ஷாலு வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு படிந்திருக்கிறது என்பது அவள் தலைப்பு. சேறு அள்ளுவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. வீடு சடையங்குப்பத்தில், மழைக்காலத்தில் சேறே வீட்டுக்குள் வந்துவிடும். சிரமம், அந்தச் சேற்றை நகரத்தின் தென்கோடியில் இருந்த பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் அளந்து பார்ப்பதில்தான். உலோகங்களை அளக்கிற கருவி ஒன்றே ஒன்று. பகலில் அது பெரிய பேராசிரியர்களின் மாணவர்களுக்கு. சாயங்காலத்துக்கு மேல்தான் மற்றவர்களுக்கு, அதுவும் விடுதியில் இருப்பவர்களுக்கு மட்டும். ஷாலுவுக்கு விடுதி கிடையாது. சென்னைக்குள் வீடு உள்ளவர்களுக்கு அறை தருவதில்லை என்று விதி. ஷேர் ஆட்டோ பிடித்து, திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி மாறி, மறுபடி பேருந்தில் நின்றுகொண்டு வரும் தூரமும் சென்னைக்குள்தான் இருந்தது.

இதை அவள் செல்வநாதனிடம் சொன்னாள். கோரிக்கையாக எழுதியும் கொடுத்தாள். அவர் ரொம்ப நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அடுத்த மாதமே நேர மேலாண்மை பற்றி ஒரு பயிலரங்கம் ஏற்பாடு செய்தார்.

அதை நடத்த வந்தவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் கழித்து வந்தார். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். உங்களுக்குப் பிடித்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஷாலுவுக்குத் தெரிந்த ஆறு கொசஸ்தலை. அவளும் நினைத்துக்கொண்டாள்: சாம்பல் கலந்த தண்ணீர், குறுக்கே குழாய்கள், அனல்மின் நிலையத்திலிருந்து வந்து விழும் வெந்நீர்.

"கையை விட்டுப் பாருங்க. தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஷாலுவின் பக்கத்தில் நின்றார்.

"சூடா இருக்கு சார்."

"ஆஹா, கதகதப்பா. அருமை."

அன்றைக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள்.

மையத்தில் ஷாலுவால் வெறுக்க முடியாத ஆள் ஒருத்தி உண்டென்றால் அது எல்சிதான். ஒருங்கிணைப்பாளர் என்று பெயர், ஒப்பந்த வேலை. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பது அவளுக்கே தெரியாது. மற்றவர்களின் மனசு எப்படி இருக்கிறது என்று பதிவு செய்துகொண்டிருந்த அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் எல்சி ஷாலுவைக் கூப்பிட்டு, "தேசிய மதிப்பீட்டுக் கமிட்டி வருது. பேனரெல்லாம் எடுக்கணும், ஒரு கை பிடிக்கிறியா?" என்றாள். இருவரும் பெண்கள் விடுதிக்குப் போனார்கள்.

தரைத்தளத்தின் கடைசி அறையை எல்சி திறந்தாள். உள்ளே ஒரு இரும்புக் கட்டில், ஒரு மேசை, மின்விசிறி, வேப்பமரத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். கட்டில் மேல் பேனர்கள் சுருட்டிப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. மேசை மேல் அட்டைப் பெட்டிகளில் கோப்பைகள். ஒரு பேனரில் ஷாலுவின் முகம் பாதி தெரிந்தது. எப்போதோ ஆய்வகத்தில் எடுத்த படம். அதன் கீழே, 'நாங்கள் உடனிருக்கிறோம்'.

ஷாலு அந்த அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மின்விசிறி ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தாள். ஓடியது.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"மையம் ஆரம்பிச்சதுலேர்ந்தே" என்றாள் எல்சி. பிறகு ஷாலுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஒரு தடவை சார்கிட்ட சொன்னேன். ஸ்டோரேஜ் வேணும்னுட்டாரு" என்றாள்.

ஷாலு மின்விசிறியை நிறுத்தினாள். அவளுடைய முகமே கட்டிலில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டிருந்தது. அவள்தான் விடியற்காலையில் எழுந்து ஷேர் ஆட்டோவுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தன் பங்குக்கு ஒரு முனையைப் பிடித்து, தன்னையே தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தில் வைத்தாள்.

அந்த வாரமே செல்வநாதன் அவளை அறைக்கு அழைத்தார். கஞ்சிக் குரலில் நலம் விசாரித்துவிட்டு, "தஸ்னீம் உங்க ஏரியாதானே? தொடர்புல இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ராயபுரம் சார். நாங்க அதுக்கும் தள்ளி."

"ஆமா, ஆமா, எல்லாம் அந்தப் பக்கம்தான். கமிட்டி முன்னாடி மைய மாணவர்கள் எல்லாரும் இருக்கணும்மா. அவங்க பதிவு இன்னும் நம்மகிட்டதான் இருக்கு. தற்காலிக விடுப்பு. நீங்க பேசினா வருவாங்க. ஒரு நாள் போதும்."

தஸ்னீம் விடுப்பில் போகவில்லை. பொருளாதாரத்தில் துறைமுகச் சுமைத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய நெறியாளர் பிரகாஷ், அவள் எழுதிக் கொடுத்த முதல் இயலை ஒரு வருஷத்துக்கு மேல் மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்தார். அவள் போய்க் கேட்டால், இங்கிலீஷ் சரியில்லை என்பார். எந்த இடத்தில் என்றால், எல்லா இடத்திலும் என்பார். கடைசியில், "எப்படியும் வீட்ல கல்யாணம் பண்ணி வெச்சிடப் போறாங்க. எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்றார். தஸ்னீம் வேறு நெறியாளர் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தாள். டீன் கையெழுத்துப் போட்டால் முடிந்துபோகிற காரியம். டீன் என்பவர் மையத்தின் தலைவராகவும் இருந்ததால், இது புரிதல் குறைபாடு என்று கண்டுபிடித்தார். இருவரையும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். அந்த உரையாடலின் முடிவில் தஸ்னீம் பிரகாஷிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. ஷாலுவிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அது ஷாலுவுக்கு ஆறாத கோபம். ஆனாலும் போனாள்.

கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் தஸ்னீமின் அப்பா ஜாபருக்குக் கயிறும் வலையும் விற்கும் கடை. ஐஸ் லாரிகள் வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டு போயின. ஜாபர் ஷாலுவைப் பார்த்ததும் கயிற்றுச் சுருளை ஓரமாகத் தள்ளி ஸ்டூல் போட்டார்.

"காலேஜு விசயமா வந்தியாம்மா?"

"ஆமா பாய்."

"அந்தப் பேச்ச எடுத்தா அவளுக்கு மூஞ்சி மாறிடுது. நா கேக்கறதே இல்ல. மாடில கீறா, போ."

மாடியில் தஸ்னீம் டியூஷன் முடித்து, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் ஆச்சரியப்படவில்லை.

"கஞ்சிக் கொரலு உன்னிய தூது அனுப்பிச்சா?"

அந்தப் பெயரை முதலில் வைத்தவளே அவள்தான்.

"வெள்ளிக்கெயம கமிட்டி வருது. நீ வந்து உக்காரணுமாம்."

"உக்காந்து?"

"சிரிக்கணும்."

"நாந்தான் நின்னுட்டனே."

"நீ நிக்கலயாம். லீவுல கீறியாம்."

தஸ்னீம் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நா எப்போடி லீவு போட்டேன்?"

"அது அவங்களே போட்டுக்கினாங்க. நீ போய்ட்டனு எயுதுனா மையத்துக்கு மார்க்கு கொறஞ்சிடுமில்ல."

தஸ்னீம் சிரித்தாள். சிரிப்பு ரொம்ப நேரம் நீடித்து, நடுவில் எங்கோ கெட்டுப்போய் நின்றது. ஷாலு அந்த இடத்தில்தான் தன் கோபத்தை எடுத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ. நா மட்டும் அங்க தனியா கெடந்து அல்லாடிகினு கீறேன்."

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? இருடி, பொறுத்துக்கோடின்னுவ. அதுக்குதான் சொல்லல. சரி, நீ அங்கியே உக்காந்து இன்னா கிழிச்ச?"

"மெஷினு கெடைக்கல" என்றாள் ஷாலு. சொல்லும்போதே அவமானமாக இருந்தது. "சேறு டப்பாவுல காஞ்சிகினு கீது."

"அப்போ ரெண்டு பேரும் ஒண்ணுதான். நா வூட்ல உக்காந்துகினு கீறேன். நீ டிரெயின்ல உக்காந்துகினு கீற."

ஷாலுவுக்குச் சுருக்கென்றது. தன்னைப் போகாமல் நின்றவள் என்றும், இவளைப் போனவள் என்றும் அவள் இத்தனை நாள் மனசுக்குள் பிரித்து வைத்திருந்தாள். அதில் தனக்கு ஒரு கௌரவம்கூட வைத்திருந்தாள். பேச்சை மாற்றுவதற்காக விடுதி அறையைப் பற்றிச் சொன்னாள். கட்டில், ஜன்னல், கட்டிலில் படுத்திருந்த பேனர்.

தஸ்னீம் கேட்டுக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவனுக்கு நம்ம மூஞ்சி வேணும்" என்றாள். "இவ்ளோ நாளு சும்மா குடுத்துகினு இருந்தோம். இந்த வாட்டி சும்மா குடுக்கறதா இல்ல. வரேன்னு சொல்லு."

"கைடு மாத்தற ஆர்டர் கேக்கப் போறியா?"

"எங்க டிபார்ட்மென்ட்ல புச்சா ஒரு மேடம் வந்து கீறாங்கோ. டீன் கையெயுத்து இருந்தா என்னிய எடுத்துக்கறேன்னு போன மாசமே சொன்னாங்க. நாந்தான் அந்த ஆளு மூஞ்சில முழிக்க வாணாம்னு வுட்டுட்டேன். உனக்கு அந்த ரூமு, எனக்கு அந்த ஆர்டரு. கையில வந்த பொறவுதான் உள்ள போறோம்."

"நா உனுக்குத் தொணைக்கு வரேன். எனக்கெல்லாம் கேக்க வாணாம்."

"ஏன், உன் மூஞ்சி இன்னா மலிவா?"

வெள்ளிக்கிழமை காலையில் தஸ்னீம் நல்ல கருநீலச் சுடிதாரும், அதற்கேற்ற துப்பட்டாவுமாகத் தலையை மூடிக்கொண்டு வந்தாள். ஷாலுவும் அவளும் மண்டபத்துக்கு எதிரில் இருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மண்டப வாசலில் கோலம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு. உள்ளே மற்ற மாணவர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்சி ஓடி வந்து கூப்பிட்டாள். தஸ்னீம் விஷயத்தைச் சொன்னாள். எல்சி திரும்பி உள்ளே போனாள். ஷாலுவுக்கு அவள் நடையில் ஒரு துள்ளல் தெரிந்தது போலிருந்தது.

செல்வநாதன் பட்டு வேட்டியில் வந்தார்.

"வாங்க தஸ்னீம். ரொம்ப சந்தோஷம். உள்ள வாங்க, எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்பறம் பேசலாம்னு நீங்க போன வருஷமே சொன்னீங்க சார். இப்பதான் அந்த அப்பறம் வந்து கீது."

அவள் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பேசுகிறவள் இல்லை. ஷாலுவும் இல்லை. கேட்டைத் தாண்டியதும் இருவரும் நாக்கை மாற்றிக்கொண்டு விடுவார்கள். கீதும் கீறேனும் ரயிலோடு போய்விடும். இன்றைக்கு இந்தப் பெஞ்சில் தஸ்னீம் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

"நெறியாளர் மாற்றம்ங்கறது ஒரு முறைப்படி நடக்கணும்மா. குழு கூடணும்..."

"நீங்கதான குழு."

"இது ஒரு மாதிரி மிரட்டல் இல்லியா?"

"அய்ய, மிரட்டலெல்லாம் இல்ல சார். லீவு முடிஞ்சி வந்து கீறேன். சேத்துக்கோங்கன்றேன். அவ்ளோதான்."

செல்வநாதன் ஷாலுவின் பக்கம் திரும்பினார். "நீங்களுமா ஷாலு? உங்களுக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்."

ஷாலு அதற்குள் எழுந்து நின்றிருந்தாள். அவர் செய்ததை எல்லாம் ஒரு பொழுதில் நினைத்துப் பார்த்தாள். வீட்டு அலமாரியில் வரிசையாக நின்ற கோப்பைகள்தான் ஞாபகம் வந்தன.

"விடுதியில கடைசி ரூம் வேணும் சார்."

"சென்னைக்குள்ள வீடு இருக்கறவங்களுக்கு விதிப்படி..."

"பேனருக்கு எந்த ஊரு சார்?"

அவருக்குப் புரியவில்லை.

"அந்த ரூம்ல பேனர் தங்கியிருக்கு. அதுக்கு வீடு எந்த ஊருல இருக்குன்னு கேட்டேன்."

அப்போதுதான் செல்வநாதனின் மற்ற குரலை இருவரும் முதன்முதலாக நேரில் கேட்டார்கள். அது சின்னதாக, கீச்சென்று இருந்தது. "எல்சி, லெட்டர்ஹெட் எடுத்துட்டு வா" என்றது. கமிட்டியின் கார் ஓட்டலிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்துகொண்டே இருந்தது. விதி, முறை, குழு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வெயிலில் வந்து நின்று, கும்பிடு போட்டுவிட்டுப் போயின. ஒரு வருஷமாக நகராத காகிதம் அச்சாகி வந்தது, கூடவே விடுதி அறைக்கும் ஒன்று. பிரகாஷை அழைத்து வந்தார்கள். அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடியே, தஸ்னீமின் முகத்தைப் பார்க்காமல் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, "ஆல் தி பெஸ்ட்" என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். அவர் இவ்வளவுதானா என்று ஷாலு நினைத்தாள். இந்த ஆளுக்காகவா இவள் ஒரு வருஷம் தூங்கவில்லை?

விடுதிச் சாவியை எல்சி கொண்டுவந்து ஷாலுவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

பிறகு இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சிரித்தார்கள்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவருக்குப் பயணக் களைப்பு. இன்னொருவர் தட்டில் இருந்த முந்திரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள் மட்டும் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்தார். செல்வநாதன் திரையில் படம் காட்டினார். ஒரு அம்புக்குறி மேலே மேலே போயிற்று. பிறகு தலைவர், மாணவர்கள் யாராவது மனம் திறந்து பேசலாம் என்றார். செல்வநாதன் தஸ்னீமைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ பாடுபட்டார். அதனாலேயே தலைவர் அவளைப் பார்த்தார்.

தஸ்னீம் எழுந்தாள்.

"இந்த மையம் இல்லேன்னா நான் பாதியில போயிருக்க மாட்டேன் சார்" என்றாள்.

தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "மையம் இல்லேன்னா பாதியில போயிருப்பேன். சரி."

"இல்ல சார். போயிருக்க மாட்டேன்னு சொன்னேன். இவங்க என்னை மன்னிப்புக் கேக்க வெச்சாங்க. அதனாலதான் போனேன். எனக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. அதை இன்னைக்குக் காலையிலதான் வெளியில பெஞ்சுல உக்காந்து வாங்கினேன்."

முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்த கை தட்டிலேயே நின்றது. இதோ, எல்லாம் உடைந்துவிட்டது என்று ஷாலு நினைத்தாள்.

புன்னகை அம்மாள் கைகளைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "எவ்வளவு துணிச்சலா பேசறாங்க பாருங்க" என்றார் தலைவரிடம். "ஒரு கமிட்டி முன்னாடி நிர்வாகத்தையே விமர்சிக்கற நம்பிக்கை. இந்தப் பின்னணியிலேர்ந்து வர்ற ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுத்தது யாரு? இதைத்தான் நாம எழுதணும்."

"கண்டிப்பா" என்றார் தலைவர்.

செல்வநாதன் அடக்கமாகத் தலை குனிந்தார். முந்திரி சாப்பிட்டவர் லேசாகக் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். தஸ்னீம் நின்றுகொண்டே இருந்தாள். என்ன சொன்னாலும் இவர்கள் வாய்க்குள் போய் இனிப்பாகி விடும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து, ஷாலுவின் காதருகே சாய்ந்தாள்.

"த்தூ" என்றாள், மெல்ல.

மையத்துக்கு உயர்ந்த தரம் கிடைத்தது.

திங்கட்கிழமை ஷாலு வேலையை ஆரம்பித்தாள். பேனர்களை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் மையத்தின் குளிர்சாதன அறைக்குள் சாய்த்து வைத்தாள். கோப்பைப் பெட்டிகளையும் வைத்தாள். கட்டிலைத் துடைத்துப் படுக்கை விரித்தாள். அன்று சாயங்காலம் கருவியில் அவளுக்கு நேரம் கிடைத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல், ரயிலை நினைக்காமல், காய்ந்துபோன சேற்றைக் கரைத்து ஒவ்வொன்றாக அளந்தாள். எண்கள் திரையில் வரிசையாக வந்து விழுந்தன. சந்தோஷப்படலாம் என்று காத்திருந்தாள். வந்தது வேறு. ஒரு கட்டில், ஒரு சாவி, இவ்வளவுதானே என்று தோன்றத் தோன்ற, வெள்ளிக்கிழமை வராத கோபம் அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவுக்குத்தானே அவள் ரயிலில் நின்றாள். இவ்வளவுக்குத்தானே எத்தனையோ பேர் போனார்கள்.

அவளுக்கு ஒரு வருஷம் முந்தி சேர்ந்த தீனா ஞாபகத்துக்கு வந்தான். கெட்டிக்காரன். அவனும் இதே கருவிக்காகக் காத்திருந்து சலித்து, இப்போது கன்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர். கையோடு போன் செய்தாள். மறுபடி வர வழி இருக்கிறது, எப்படிக் கேட்க வேண்டுமென்று தான் சொல்லித் தருவதாகச் சொன்னாள். தீனா பொறுமையாகக் கேட்டான்.

"வாணாம் ஷாலு. நா எறங்கிட்டேன். அந்த ஆளுங்க மூஞ்சியப் பாத்து நின்னு கேக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. நீ முடி."

வாரம் தாண்டுவதற்குள் செல்வநாதனுக்குத் தைரியம் திரும்ப வந்துவிட்டது. மையத்துக்குச் சேமிப்பு இடம் தேவைப்படுவதால் அறையைக் காலி செய்யும்படி வாய்மொழியாகச் சொல்லியனுப்பினார். விடுதிக் காப்பாளர் ஃப்ளோரா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, செய்தி கொண்டுவந்த எல்சியைப் பார்த்தார்.

"டீன் கையெழுத்துப் போட்ட ஆர்டர் எங்கிட்ட இருக்கு. ரத்து பண்ணணும்னா, என்ன காரணத்துக்காகன்னு எழுதி, அதுலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு. ஃபைல்ல வெச்சுக்கறேன்."

காரணத்தை எழுத வேண்டுமே. பேனர் வைப்பதற்காக மாணவியை வெளியேற்றுகிறேன் என்று எழுதக்கூட ஒரு நேர்மை வேண்டும். அது அவரிடம் இல்லாததால் ஷாலுவுக்கு அறை நிலைத்தது. அதற்குப் பிறகு வழியில் பார்த்தால் அவர் மனசைப் பற்றிக் கேட்பதில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

தஸ்னீமின் புது நெறியாளர் அவள் கொடுத்த இயலைப் பத்து நாளில் படித்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் திட்டித் திருப்பிக் கொடுத்தார். தஸ்னீம் அதை விடுதி அறைக்கு எடுத்து வந்து ஷாலுவிடம் காட்டினாள். "பாருடி, எல்லாம் தப்பாம்" என்றாள். அவ்வளவு மலர்ந்த முகத்தோடு திட்டு வாங்கிய ஒருத்தியை ஷாலு பார்த்ததில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாலு வீட்டுக்குப் போனபோது, அவள் அம்மா கெங்கம்மா செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கெங்கம்மாவுக்குக் காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. அங்கே யாரோ அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். செல்வநாதன் ஏதோ ஒரு விருது வாங்குகிறார். சமூக நீதிக்கானது. பின்னால் திரையில் ஷாலுவின் முகம், ஓர் ஆள் உயரத்துக்கு.

"இவுருதான அந்த சாரு?" என்றாள் கெங்கம்மா. "ஷெட்ல எல்லாருக்கும் காட்னேன். உன்ன மாரி புள்ளைங்களுக்கு எவ்ளோ பாடுபடறாரு பாரு. மொகத்துலயே தெரியுது, நல்ல மனுசன்."

ஷாலு வாயைத் திறந்தாள். அம்மாவின் கைவிரல்கள் உப்பும் ஐஸும் பட்டு வெளுத்து ஊறிப்போயிருந்தன. அந்த விரல்கள் படத்தின் மேல் படாமல், தாளின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தன. அப்பா குணசேகரன் கட்டிலில் உட்கார்ந்து, மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ தெரியும் போலிருந்தது.

"ம்" என்றாள் ஷாலு.

"அவுருக்கு எறா தொக்கு செஞ்சி வெச்சி கீறேன். எட்த்துகினு போய்க் குடு. காரம் கம்மியாதான் போட்டேன். பெரிய மனுசங்க வயிறு தாங்காது."

திங்கட்கிழமை மத்தியானம் விடுதி அறையில் ஷாலுவும் தஸ்னீமும் அந்தத் தொக்குப் பாட்டிலைத் திறந்து நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எல்சியைக் கூப்பிட்டார்கள், அவள் வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து ஓடினாள். ஃப்ளோராவுக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார்கள். காரம் போதவில்லை என்று தஸ்னீம் குறை சொன்னாள். யாருக்காகக் குறைத்தது என்று ஷாலு சொன்னதும் அவளுக்குப் புரை ஏறி, தண்ணீர் குடித்துத்தான் அடங்கியது.

சாயங்காலம் கெங்கம்மா போன் செய்தாள்.

"குட்த்தியா? சாரு இன்னா சொன்னாரு?"

தஸ்னீம் விரலால் பாட்டிலின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துச்சாம், அம்மா" என்றாள் ஷாலு. "அடுத்த வாட்டி காரம் சேத்துப் போடச் சொன்னாங்க."